சின்னவனைக் கூப்பிட்ட நாள்

போன வாரக் கதையில் இந்த வீட்டை விட்டு நாம் கிளம்பியபோது எல்லாம் ஓரளவு அடங்கித்தான் இருந்தது. சின்னவன் வீட்டை விட்டுப் போய் ஆறு மாதமாகிவிட்டது. அது பழகிப்போனது போல எல்லோரும் நடித்துக்கொண்டிருந்தார்கள், மாமியாரைத் தவிர. அவருக்கு நடிப்பு வராது. தினமும் சாப்பிட உட்காரும்போது ஒரு தட்டை அதிகமாக எடுத்து வைப்பார், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைத் திரும்ப அலமாரியில் வைப்பார். பெரியவனோ தம்பியின் மாடி அறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி அதைக் கிடங்காகவே ஆக்கிவிட்டான்.

நம் அண்ணியைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவனின் மனைவி அவள். சின்னவன் 'அண்ணி, அண்ணி' என்று வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. வாடிக்கையாளர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது பெரிய டாக்டர் ஒருவர் போனில் 'அண்ணி இருக்காங்களா?' என்று கேட்டதை நினைத்து அவள் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறாள்.

வீட்டின் முன்னறைதான் அவர்கள் ஆபீஸ். மூன்று மேசைகள், அதில் ஒன்று ஆறு மாதமாகக் காலி. அந்த அறையில் உட்கார்ந்து சின்னவனும் அண்ணியும் சேர்ந்து எட்டு வருடத்தில் எழுதியது ஓர் அப்ளிகேஷன். டயாலிசிஸ் மையங்களுக்கானது. சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்கள் முறை வைத்து வந்து, இயந்திரத்தோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம் அது. இன்று யார் வருகிறார், எந்தப் படுக்கை, அவர் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுக்க வேண்டும், எதற்கு மேல் எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் நர்ஸுக்குச் சொல்வது இந்த அப்ளிகேஷன்தான். பெரியவன் வெளியே போய் ஆள் பிடிப்பான், பேசுவான், கையெழுத்து வாங்கி வருவான். வீட்டுக்குள்ளிருந்து வேலை பார்ப்பது மற்ற இருவரும்.

ஒரு காலத்தில் நிறைய மையங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. இப்போது மிச்சம் ஒரே டாக்டரின் மையங்கள்தான். அந்த டாக்டரும் போன வாரம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், அப்ளிகேஷன் இன்னொரு தடவை நின்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று. அவர் போனால் முன்னறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். அண்ணிக்கு அது தெரியும்.

இன்று காலை அது நின்றது.

முதல் போன் தலைமை நர்ஸிடமிருந்து. அண்ணி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு எடுப்பதற்குள் அது இரண்டு முறை அடித்து ஓய்ந்து மூன்றாவது முறை அடித்தது. திரையில் சிவப்பாக ஒரு வரி வருகிறதாம், டேட்டாபேஸுடன் தொடர்பு கிடைக்கவில்லை என்று. மூன்று பேரைப் படுக்க வைத்தாகிவிட்டது, ஊசி குத்தியாகிவிட்டது, அளவு தெரியவில்லை என்றார் நர்ஸ். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அண்ணிக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணி ஈரக்கையோடு முன்னறைக்கு ஓடினாள். இந்த மாதிரி நேரத்தில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். சர்வர் உயிரோடு இருக்கிறதா? இருந்தது. அதன் டிஸ்கில் இடம் தீர்ந்துவிட்டதா? பாதிக்கு மேல் காலி. பாஸ்வேர்டு மாறிவிட்டதா? இல்லை. நடுவில் எவனாவது வழியை அடைத்துவிட்டானா? அதுவும் இல்லை. கடைசியில் அத்தனை தகவலையும் வைத்திருக்கும் டேட்டாபேஸே ஒரு பதிலைத் துப்பியது: இடமில்லை, ஏற்கெனவே எல்லோரும் வந்து நிறைந்துவிட்டார்கள்.

வாடகை சர்வர்க்காரர்களின் இணையப் பக்கத்துக்குப் போய் டேட்டாபேஸை ஒரு முறை அணைத்துப் போட்டாள். எழுந்துகொண்டது. நர்ஸ் 'வந்துடுச்சு' என்றார். அண்ணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். அவள் கண்ணைத் திறப்பதற்கும் போன் மறுபடி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

பெரியவன் வெளியே கிளம்பத் தயாராகி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். வழக்கமாக இப்படி ஏதாவது நின்றால் வீடே அதிரும், யாரைத் திட்டுவது என்று தேடித் தேடித் திட்டுவான். இன்று அப்படி ஒன்றும் இல்லை. எதனால் என்று கேட்டான். உள்ளே போகிற கனெக்‌ஷனெல்லாம் நிரம்பி நிற்கிறது, புதிதாக எதையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது என்றாள். அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

"ரொம்ப அலட்டிக்காதே. எல்லாத்துக்கும் ஒரு முடிவு வரும்."

இந்த மனிதருக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஆச்சரியம். பயத்தை மறைத்துக்கொண்டு தைரியம் சொல்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டாள். பாருங்கள், நல்ல மனசுக்காரர்களுக்கு இப்படித்தான் தோன்றும்.

அவளுக்குத் தன் மேல்தான் சந்தேகம். போன வாரம் அவசரம் அவசரமாக ஒரு புது ரிப்போர்ட் எழுதியிருந்தாள். அது டேட்டாபேஸிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு கனெக்‌ஷனை வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறதோ? அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு யார் இந்த வீட்டில் புதிதாக எதையும் எழுதினார்கள்? வரி வரியாகப் படித்தாள். குற்றம் எதுவும் கண்ணில் படவில்லை. சரி, கண்தான் ஏமாற்றுகிறது என்று அந்த ரிப்போர்ட்டையே தூக்கி எறிந்தாள். அது போயும் டேட்டாபேஸ் நிரம்பியது. போன வாரத்துக்கு முந்தைய அப்ளிகேஷனையே எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதற்கும் நிரம்பியது.

அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் மூச்சு விட முடிகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அடுத்து வரப்போகிற நோயாளிகளின் அளவுகளை எடுத்து நர்ஸுக்கு அனுப்பத்தான் கை ஓடுகிறது. அனுப்பி முடிப்பதற்குள் மறுபடி நிரம்பிவிடுகிறது. யார் நிரப்புகிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், அவளுக்கே உள்ளே இடமில்லை.

மாமியார் காபியோடு வந்து நின்றார். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு வீட்டுச் சத்தத்தைக் கேட்பது அவர் பழக்கம். அதனால் நடந்தது பாதி தெரியும், மீதிப் பாதியைக் கேட்டார். மையத்தில் காத்திருக்கும் இடத்தில் நாற்காலி போட்டிருப்பார்களே, அத்தனையிலும் யாரோ வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான் அத்தை என்றாள் அண்ணி.

"வந்தவங்க எழுந்து போகலைன்னா யாருன்னு முகத்தைப் பார்க்க வேண்டியதுதானே," என்றார் மாமியார்.

"பார்க்கிறதுக்கு நான் உள்ளே போகணும். எனக்கும் நாற்காலி இல்லை."

"சின்னவன் இருந்தா போயிருப்பான்."

அண்ணி மறுபடி டேட்டாபேஸை அணைத்துப் போட்டாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

மதியம் வந்த போனில் தலைமை நர்ஸின் குரல் இறங்கியிருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் அங்கே வருவார், எல்லோரையும் 'உள்ளே போங்க, உள்ளே போங்க, முன்னாடி காலியா இருக்கு' என்று கேலி பண்ணிக்கொண்டே வருகிறவர். அவருடைய அளவு திரையில் வரவில்லை. போன தடவை எடுத்த அளவின் ஞாபகத்தில் ஒரு கணக்குப் போட்டு நீரை எடுத்திருக்கிறார்கள், அது கூடுதலாகிவிட்டது. மனுஷருக்குக் கால் இரண்டும் இழுத்துக்கொண்டு, ரத்த அழுத்தம் விழுந்து, கொஞ்ச நேரம் ஆளே தங்கள் கையில் இல்லை என்றார் நர்ஸ். இப்போது தெளிந்துவிட்டார், ஆனால் கேலி எதுவும் பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

அண்ணி போனை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு வருடமாக இந்த அப்ளிகேஷனைத் தன் குழந்தை மாதிரிதான் நினைத்திருந்தாள். அது ஒரு மனிதரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைத்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு போனை எடுத்தாள்.

சின்னவனைக் கூப்பிடுவது லேசான காரியமா? ஆறு மாதத்துக்கு முன்னால் இதே அறையில்தான் அது நடந்தது. ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது, இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள். நம் அப்ளிகேஷனை அவர்களிடம் திருட்டுத்தனமாக விற்கப் பார்க்கிறான் என்று பெரியவன் தம்பியைக் கூண்டில் ஏற்றினான். அவர்கள் கட்டடத்து வாசலில் சின்னவன் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றான். சின்னவன் அண்ணனிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. 'நீங்க சொல்லுங்க அண்ணி' என்று மட்டும் கேட்டான். அண்ணி கணவனைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

போன் நாலைந்து முறை அடித்தது. எடுக்கமாட்டான் என்று அவள் முடிவு செய்த நேரத்தில் எடுத்தான்.

"சொல்லுங்க அண்ணி."

நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். பஸ் டிரைவர் விஷயத்தையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அவள் தன் ரிப்போர்ட் மேல்தான் தப்பு என்று ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னான். அண்ணி எழுதினது எதையும் திருப்பிக் கொடுக்காமல் விடாது, அது அண்ணியின் சுபாவத்திலேயே கிடையாது என்றான். ஆறு மாதம் கழித்து அவன் அவளைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

"எல்லா இடமும் நிரம்பினாலும் ரெண்டு மூணு இடத்தை டேட்டாபேஸ் எப்பவும் ஒதுக்கி வச்சிருக்கும் அண்ணி. அது முதலாளிக்கு. அந்த பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்கு. சொல்றேன், அப்படியே டைப் பண்ணுங்க."

தட்ட இரண்டு கையும் வேண்டும் என்று போனை மேசையில் வைத்து, குரல் வெளியே கேட்கும்படி போட்டாள். அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். கதவு திறந்தது. அந்தச் சின்ன வெற்றியிலேயே அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்கு வாயேன் என்று கேட்டுவிட்டாள். அன்னிக்கு நான் பேசியிருக்கணும், பேசலை, நீ வா என்றாள். அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சாயங்காலம் வர்றேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, வீட்டையே தலைகீழா ஆக்கிடுவாங்க."

சொல்ல என்ன இருக்கிறது? மாமியார் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வலி என்று ஆறு மாதமாக மாடிப்படி ஏறாதவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே அட்டைப் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று சின்னவன் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள் அண்ணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இப்போது உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். திரையில் வரிசை வரிசையாகப் பெயர்கள் இறங்கின. பெயர் என்ன பெயர், ஒரே பெயர்தான். மேலிருந்து கீழ் வரை அவள் கணவனின் பெயர்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இந்த வீட்டில் ஒரே சீப்பால் எல்லோரும் தலை வாருவது போல, ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சின்னவனுக்கு அது பிடிக்காது. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தான். பெரியவன் தன்னுடையதைத் தொட்டதே இல்லை, டேட்டாபேஸ் பக்கம் அவன் வருவதே இல்லை. போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று, என் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டான். டாக்டருக்கு ஏதோ கணக்கு காட்ட வேண்டுமாம். அண்ணி குழம்பைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்குள்ள என்ன ரகசியம் என்று மாமியார்கூடச் சிரித்தார்.

"என்ன அண்ணி, சத்தத்தையே காணோம்? யார் பேர் இருக்கு?"

அவள் சொன்னாள். எங்கிருந்து வருகிறது என்று பக்கத்திலேயே ஓர் எண் இருக்கும், அது யாருடையது என்று தேடிப் பார்க்கச் சொன்னான். தேடினாள். பதில் வந்தது.

"யாருன்னு தெரியலை," என்றாள்.

"உங்களுக்குப் பொய் வராது அண்ணி. சொல்லுங்க."

"கண்ணாடிக் கட்டடத்துக்காரங்க."

இந்த இடத்தில் சின்னவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இதே பழிக்காகத்தான் அவனை வீட்டை விட்டுத் துரத்தினார்கள். கைகொட்டிச் சிரித்திருக்கலாம், திட்டியிருக்கலாம், போனை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவன் அதில் எதையும் செய்யவில்லை.

"அண்ணன் பாஸ்வேர்டை அவங்க எப்படியோ திருடிட்டாங்க. அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கத்துவான், கண்டபடி பேசுவான், ஆனா இதைச் செய்யமாட்டான். நீங்க மனசை அலட்டிக்காதீங்க."

அண்ணிக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்துக்கொண்டாள். ஆமாம், திருட்டுத்தான். இவருக்கு பாஸ்வேர்டை எங்கே வைப்பது, யார் முன்னால் தட்டுவது என்று என்ன தெரியும்? எங்காவது காகிதத்தில் எழுதி வைத்துத் தொலைத்திருப்பார். நல்ல கணவர் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று அவளுக்கு ஓர் ஆறுதல். அந்தக் கும்பல்தான் நம் தகவலையெல்லாம் அள்ளிக்கொண்டு போக ஆள் மேல் ஆளாக உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிறது, நாம் அணைத்துப் போட்டாலும் உடனே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று சின்னவன் விளக்கினான். ஒவ்வொருவராக வெளியேற்றச் சொன்னான், பிறகு அந்தப் பெயருக்கே கதவைப் பூட்டச் சொன்னான். பூட்டினாள்.

நாற்காலிகள் காலியாயின. அப்ளிகேஷன் எழுந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வீட்டு போன் அடித்தது, தலைமை நர்ஸ். எல்லாம் வருகிறது, எல்லார் அளவும் வருகிறது, பஸ் டிரைவர் தண்ணீர் கேட்டார், கொடுக்கக் கூடாது என்றதும் 'கண்டக்டரம்மா ரொம்பக் கறார்' என்றாராம். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். மேசையில் கிடந்த போனிலிருந்து சின்னவனும் சிரித்தான். மேலே பெட்டி இழுக்கும் சத்தம் நின்று, துடைப்பச் சத்தம் ஆரம்பித்திருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. பெரியவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். கையில் போன், முகம் வெளிறியிருந்தது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடவேண்டும் என்று அண்ணி எழுந்து நின்றாள். சரியாயிடுச்சுங்க, எல்லாம் ஓடுது என்றாள்.

"எடுத்துக்கிட்டு இருந்தது ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டான் பெரியவன். "என் பேரை நீ பூட்டினியா?"

அண்ணி எழுந்து நின்றபடியே நின்றாள். அவளுக்குக் கேட்டது புரிந்துவிட்டது, புரிந்ததை நம்ப மனசு வரவில்லை. நர்ஸிடம் பேசிய சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கக்கூட நேரமாயிற்று.

பெரியவன் காலியாக இருந்த மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தான், சின்னவனுடைய மேசை அது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தீர்மானித்தவன் போலப் பேசிக்கொண்டே போனான். எல்லாம் முடிந்தபிறகு சொல்லலாம் என்றிருந்தானாம். அப்ளிகேஷனைக் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்களுக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டாயிற்றாம். யாருக்கும் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரி தகவலை எடுத்துக்கொள்வோம் என்றுதான் அவர்கள் சொன்னார்களாம், இப்படி மொத்த இடத்தையும் அடைத்துக்கொள்ளும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? காலையில் அவள் சொன்னபோதுதான் சந்தேகம் வந்தது, அவர்களிடம் மெதுவாக எடுக்கச் சொன்னான், சரி சரி என்றார்கள், கேட்கவில்லை. டாக்டரிடமும் பேசியாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து அவருடைய மையங்களில் ஓடப்போவது கண்ணாடிக் கட்டடத்துக்காரர்களுடையதுதான்.

"அப்ப இன்னிக்குக் காலையிலேருந்து நான் எதுக்காக ஓடினேன்?" என்றாள் அண்ணி.

"உனக்காகவும்தான் இதைச் செஞ்சேன். எட்டு வருஷமா நீ ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கியிருக்கியா? நாம முழுகிட்டு இருக்கோம்னு உனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அங்க உனக்கும் வேலை கேட்டிருக்கேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா கையெழுத்துக்கு அர்த்தமில்லை. பூட்டைத் திற."

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைக் கழுத்து வியர்வையில் ஊறியிருந்தது. இந்த மனிதரும் தூங்கவில்லை. ஆனால் பஸ் டிரைவரின் கால் இழுத்துக்கொண்டபோது, அப்ளிகேஷன் எதனால் நின்றிருக்கிறது என்று இவருக்குத் தெரியும்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவங்ககூட எப்பலேருந்து பேச்சு?"

பெரியவன் ஜன்னலைப் பார்த்தான்.

"சின்னவன் போறதுக்கு முந்தியேவா?"

"அவங்க விலைக்குக் கேக்கிறாங்கன்னு மட்டும்தான் அவன்கிட்ட சொன்னேன், ஒத்துக்கமாட்டேன்னான். அந்தக் கட்டடத்துக்கே போய், எங்க அப்ளிகேஷன் விக்கிறதுக்கு இல்லைன்னு வாசல்ல நின்னு சண்டை போட்டுட்டு வந்தான். அவன் இருந்தா இது நடக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அன்றைக்கு இதே அறையில் சின்னவன் தன்னைப் பார்த்து 'நீங்க சொல்லுங்க அண்ணி' என்றது மட்டும் அண்ணியின் காதில் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு மேசையின் மேல் கிடந்த போன் ஞாபகம் வந்தது. திரை இருண்டிருந்தது, ஆனால் பேச்சு துண்டிக்கப்படவில்லை. அவள் கை நீட்டுவதற்குள் அதிலிருந்து குரல் வந்துவிட்டது.

"அண்ணே."

பெரியவன் மேசையிலிருந்து எழுந்துவிட்டான். குரல் எங்கிருந்து வருகிறது என்று அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், தம்பியின் செல்லப்பெயரில் பாதி மட்டும் வெளியே வந்தது.

சின்னவன் அடுத்துப் பேசியது அண்ணியிடம்தான். அண்ணனிடம் கோபமாகப் பேசியிருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும்.

"அண்ணி, நான் சொன்ன பாஸ்வேர்டை மாத்திடுங்க. இனிமே என்கிட்ட இருக்க வேண்டாம்," என்றான். "சாயங்காலம் நான் வரலை."

போன் துண்டானது.

இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். திரையில் அப்ளிகேஷன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படுக்கை காலியாகி, அடுத்தவர் பெயர் வந்து, அவருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பதும் வந்தது. பெரியவன் மெல்ல, பூட்டைத் திற என்று இன்னொரு முறை சொன்னான். இனிமேல் யாருக்காக அதைப் பூட்டி வைக்கப்போகிறாய் என்று கேட்டான். அவள் விசைப்பலகையின் மேல் கையை வைத்திருந்தாள், திறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

படியில் காலடிச் சத்தம். மாமியார் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார், தலையெல்லாம் தூசி. கக்கத்தில் ஒரு பழைய தலையணையை இடுக்கியிருந்தார், வெயிலில் போட்டு எடுக்க. பெரியவனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு தம்பி வருவது அவனுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, சண்டை போடவில்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு முகம் மலர்ந்தார்.

"பெட்டியெல்லாம் வராந்தாவுல வச்சிட்டேன்டா, நீ ஒண்ணும் சொல்லாதே," என்றார் பெரியவனிடம். "ஏம்மா, எத்தனை மணிக்கு வர்றானாம்? கேட்டியா?"

அண்ணி திரையைப் பார்த்தாள். பெரியவன் தரையைப் பார்த்தான்.

அவன் கையிலிருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடிக் கட்டடத்துப் பெயர் திரையில் மின்னியது. அவன் எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் மகனின் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி போடாததால் அவருக்கு எழுத்து தெரியவில்லை.

"எடுடா," என்றார், தலையணையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "அவனாத்தான் இருக்கும்."